பாஸாகிவிட்ட பிள்ளையின் தாய்

யோசப்பினைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க ஆசைப்படுகிறவர் கட்டுகஸ்தோட்டையில் நேரத்தை வீணாக்கக் கூடாது. அவளை அறியாத ஊராகப் பார்த்துப் போய்க் கேட்பது நல்லது. அவள் வேலை செய்யும் துணிக்கடையிலேயே, "வாய் கொஞ்சம் நீளம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இருபது சாரியை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எழும்பும் பெண்களிடம், "பாத்தாச்சில்ல, இனி மடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லக்கூடிய விற்பனைப் பெண் கண்டி மாவட்டத்தில் அவள் ஒருத்திதான். பதினொரு வருடமாக முதலாளி அவளை நிறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் இரக்கம் அல்ல. அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் பாதிப் பேர் வெட்கத்தில் ஒரு சாரியாவது எடுத்துக்கொண்டு போனார்கள்.

கலகெதரைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவள். பிறகு கிளறன்ஸைக் கட்டினாள். கிளறன்ஸ் கட்டுகஸ்தோட்டை பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதை ஒரு தகரக் கூண்டுக்குள் இருந்து தீர்மானிப்பவர்; அந்தக் களைப்பினாலோ என்னவோ வீட்டில் எதையும் தீர்மானிப்பதில்லை. வீட்டுத் தீர்மானங்கள் எல்லாம் அவருடைய அக்கா டொரதி டீச்சருடையவை. டொரதி டீச்சர் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துகிறார். பத்து வயதுப் பிள்ளைகள் அவர் வீட்டு வாசலைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள். அதுதான் அந்த வகுப்பின் தரம் என்று பெற்றோர் பேசிக்கொள்வார்கள்.

இந்த மூவருக்கும் நடுவில் ரொமேனா. யோசப்பினுக்கும் கிளறன்ஸுக்கும் ஒரே மகள். கதை நடந்த வருடம் அவளுக்கு நாலு வயதும் நாலு மாதமும்.

ரொமேனா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சோடாப் போத்தல் மூடிகளை ஜன்னல் கட்டையில் வரிசையாக அடுக்குவாள். யாராவது ஒன்றைத் தொட்டால், பக்கத்து வீட்டுக் கோழிகள் பறக்கும் அளவுக்குக் கத்துவாள். அப்பாவின் குரலில், அப்பாவின் இருமலோடு சேர்த்து, பஸ் நேரங்களை ஒப்புவிப்பாள். ஆனால் "பசிக்குது" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "அம்மா" என்று கூப்பிட்டதும் இல்லை.

"மெமரியப் பாத்தியா?" என்பார் கிளறன்ஸ். "கம்பளை பஸ் நேரம் எனக்கே மறந்து போவுது. புள்ள சொல்றா."

"அந்த பஸ்ஸுலயே ஏத்தி உங்களயும் அனுப்பிறலாம்" என்பாள் யோசப்பின்.

நேர்சரியில் பாலம்மா டீச்சர் மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது வாரம் தாயைக் கூப்பிட்டுச் சொன்னார். "இது சாதாரணமா இல்லைங்க. டொக்டர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி என்னால பொறுப்பெடுக்க ஏலாது." அவர் சொன்னதில் அக்கறை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். சரியானதைத்தான் சொன்னார் என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த வீட்டு ஸக்கியாவுக்கு இந்த வழி முன்பே தெரியும். அவளுடைய மகன் ஹபீலும் இப்படித்தான் இருந்தான். கண்டியில் இத்தகைய பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி நிலையம் உண்டு. அங்கே ஒன்றரை வருடம் போன பிறகு, ஒரு பெருநாள் அன்று அவன் "உம்மா, தண்ணி" என்று கேட்டிருக்கிறான். ஸக்கியா அந்தத் தண்ணீரைக் கொடுக்க மறந்து, குசினியில் உட்கார்ந்து அழுதாளாம்.

"ஆனா யோசப்பின், அஞ்சு வயசு நெறைஞ்சா அங்க எடுக்க மாட்டாங்க" என்றாள் ஸக்கியா. "கிளினிக் கடிதம் ஒண்டும் வேணும். மொதல்ல சின்னச் சோதன ஒண்டு ஈக்கு. பன்னெண்டு படக் கார்டு காட்டுவாங்க, அஞ்சு கேள்வி கேப்பாங்க. புள்ள தடுமாறினா, பெரிய சோதனைக்குத் திகதி குடுப்பாங்க. அதுலதான் எல்லாம் பாத்து எழுதுவாங்க. தடுமாறாட்டி வீட்டுக்குப் போகச் செல்லுவாங்க."

ஆகவே விஷயம் இவ்வளவுதான். ரொமேனாவுக்கு ஐந்து வயது நிறைய எட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் கடிதம் வேண்டும். கடிதத்துக்குப் பெரிய சோதனை வேண்டும். பெரிய சோதனைக்கு, சின்னச் சோதனையில் பிள்ளை பிள்ளையாகவே இருந்து தடுமாற வேண்டும். இதைவிட எளிய காரியம் உலகத்தில் இல்லை. ரொமேனா அதை ஒருவர் உதவியும் இல்லாமல் செய்திருப்பாள்.

துரதிர்ஷ்டம், அந்த நேரம் பார்த்து டொரதி டீச்சர் கேக் துண்டு ஒன்றோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு கார்டா? என்னென்ன கார்டு?"

"பூன, கொட, பந்து..." ஸக்கியா விரல் மடித்தாள். "மூணு தரம் போனன். எனக்கே பாடம்."

"ஓர்டர் மாறுமா?"

"எங்க மாறுறது? ஓட்ட போட்டு நூல்ல கோத்து வச்சிருக்காங்க."

டொரதி டீச்சர் கேக்கைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். கண்டிப் பக்கத்தில் ஓர் ஆசிரியைக்கு வினாத்தாள் முன்கூட்டியே கிடைப்பது, மற்றவர்களுக்குப் புதையல் கிடைப்பது போல. புதையலை அரசாங்கத்திடம் ஒப்படைத்தவர்களைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். வினாத்தாளை யாரும் ஒப்படைத்ததாகத் தெரியவில்லை.

"மதினி, இது பரீச்ச இல்லீங்க" என்றாள் யோசப்பின்.

"டொக்டர் கேள்வி கேக்குறாரு. புள்ள பதில் சொல்லணும். அதுக்கு வேற என்னா பேரு?"

"தெரியாததத் தெரியாதுன்னு காட்டத்தானே போறோம்?"

"தெரியாதுன்னு காட்டவா? அங்க நாலு பேருக்கு முன்னுக்கு எங்க கொடும்பத்துப் புள்ள வாயப் பொளந்துக்கிட்டு நிக்கணுமா? நீ கணக்குல ரெண்டு தரம் நின்னது போதும்."

கணக்கை இழுத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அது வேலை செய்தது. யோசப்பின் வாயை மூடினாள். மூடியதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு படங்களையும் அவளே வரைந்தாள். மூன்றாம் நாள் டொரதி டீச்சரை விடக் கடுமையாகப் பாடம் எடுத்தாள். பூனை, குடை, பந்து, சாவி, வாழைப்பழம், சப்பாத்து, பஸ், கோழி, கதிரை, மீன், கரண்டி, நிலா. பிறகு ஐந்து பதில்கள்: ரொமேனா, நாலு, யோசப்பின், கட்டுகஸ்தோட்டை, அம்மாவோட.

ரொமேனா இதை நாலு நாளில் பாடமாக்கினாள். ஆறாம் நாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பன்னிரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"படத்தப் பாக்காமலே சொல்றா!" என்று டொரதி டீச்சர் கை தட்டினார். "இருவது வருஷ சேர்விஸ்ல இப்பிடி ஒரு புள்ளய நான் கண்டதில்ல!"

உண்மைதான். கண்டதில்லை.

ஆறு வாரம் கழித்து கிளினிக்கில் நம்பர் முப்பத்தொன்று கிடைத்தது. நம்பர் கொடுப்பவர் ராஜலிங்கம் என்ற கிளாக். கேள்வி கேட்பவர்களைப் பார்த்து அவர் முகத்தைச் சுளிப்பதில்லை. சுளித்த முகத்தோடுதான் காலையில் வேலைக்கே வருவார். நிபுணர் வெளிநாடு போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஓய்வு பெறும் வயதில் இருந்த டொக்டர் மயில்வாகனம் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையானவர். அன்று மத்தியானத்துக்குள் நாற்பத்தாறு பிள்ளைகளைப் பார்த்து முடிக்க வேண்டியவர்.

"வாங்கோ, இருங்கோ. இஞ்ச பாருங்கோ குஞ்சு, இது என்ன?"

"பூனை" என்றாள் ரொமேனா, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"இது?"

"குடை."

நாலாவது கார்டை அவர் புரட்டுமுன்பே "சாவி" என்று வந்துவிட்டது. எட்டாவதுக்குப் பிறகு அவர்தான் பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

"கெட்டிக்காரி" என்றார். பிறகு, அத்தனை வருட அனுபவம் எங்கோ உறுத்தியிருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை முகம் பாக்காதோ?"

இதுதான் இடம். யோசப்பின் "பாக்காதுங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அவளுக்குள் இருந்த தாய் எழும்புவதற்கு முன்னால் பரீட்சைக்காரி எழும்பிவிட்டாள்.

"கூச்சம் டொக்டர்."

"வேணுமெண்டதை வாயால கேக்குமோ?"

"கேப்பா டொக்டர்."

"மற்றப் பிள்ளையளோட சேந்து விளையாடுமோ?"

"நல்லா வெளயாடுவா."

முதலாம் வகுப்பு அனுமதிக்கான நேர்முகத்தில், பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தப்பாவின் வீட்டைத் தன் வீடு என்று சொல்லும் அதே குரல். அந்தக் குரலை நம் பெற்றோர் யாருக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கதிரையும் மேசையும் பேனையும் வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே உட்கார்ந்தால் அது தானாக வரும்.

டொக்டர் எழுதினார்: வயதுக்கேற்ற வளர்ச்சி. மேலதிகப் பரிசோதனை அவசியமில்லை.

கிளறன்ஸ் அந்தத் தாளை லெமினேட் பண்ணினார். அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். டொரதி டீச்சர் இருபத்திரண்டு பேருக்குப் பெட்டிஸ் வாங்கிக் கொடுத்தார். "எங்கிட்டப் படிச்சதுல பெயிலே கெடையாது" என்று தேவாலய வாசலில் வைத்துச் சொன்னார், கேட்காதவர்களிடமும். ஸக்கியா மட்டும் பெட்டிஸைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், "அப்ப பெரிய சோதன இல்லயா யோசப்பின்?" என்று கேட்டாள்.

"பொறாம" என்றார் டொரதி டீச்சர், அவள் போன பிறகு. "அவ புள்ள தடுமாறினானில்ல."

நேர்சரியில் தாளைப் பார்த்த பாலம்மா டீச்சருக்குப் பெரிய நிம்மதி. இவ்வளவு நாளும் அவர் ரொமேனாவைத் தொடப் பயந்தார். நோயாளிப் பிள்ளை, ஏதாவது ஆகிவிட்டால்? இப்போது டொக்டரே சொல்லிவிட்டார், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் என்ன? திமிர். கூப்பிட்டால் திரும்பாதது திமிர். பாட்டு நேரத்தில் காதைப் பொத்திக்கொள்வது திமிர். திமிருக்கு மருந்து பாலம்மா டீச்சரின் மேசை லாச்சியில் இருந்தது, ஓர் அடி நீளத்தில், அங்குலக் கோடுகளோடு.

தாள் காட்டிய மூன்றாவது வாரம், மத்தியானம் கூட்டிக்கொண்டு போக வந்த யோசப்பின், மகளின் முழங்காலுக்குக் கீழே மூன்று சிவப்புக் கோடுகளைக் கண்டாள்.

"டீச்சர், இது என்னாங்க?"

"ஒங்க புள்ள வரிசையில நிக்கல. மூணு தரம் சொன்னேன். சொகமில்லாத புள்ளன்னா பரவால்ல, விட்றலாம். ஒங்க புள்ள நல்ல புள்ளன்னு நீங்களே கடுதாசி காட்டுனீங்க. நல்ல புள்ளய நல்லா வளக்கணுமில்ல?"

கட்டுகஸ்தோட்டையின் மிக நீளமான வாய்க்குச் சொந்தக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ரோட்டோரத்தில் ஒரு பூட்டிய கடையின் படியில் பிள்ளையை உட்காரவைத்தாள். ரொமேனா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க வலிக்குதும்மா?"

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. "பூனை" என்றாள். "குடை. பந்து. சாவி." விக்கலுக்கு நடுவில் நிலா வரைக்கும் போனாள். அதோடு நிறுத்தவும் இல்லை. "ரொமேனா. நாலு. யோசப்பின். கட்டுகஸ்தோட்டை. அம்மாவோட."

பெரியவர்கள் முகம் மாறி நின்றால் இதைச் சொன்னால் கை தட்டுவார்கள், விட்டுவிடுவார்கள் என்று ஆறு வாரத்தில் அந்தப் பிள்ளை படித்திருந்தது. பாலம்மா டீச்சரிடமும் சொல்லிப் பார்த்திருக்கும்.

யோசப்பின் அடுத்த நாள் கடைக்குப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சுவரில் இருந்த லெமினேட் தாளையும் கழற்றிக்கொண்டு, கண்டிக்கு பஸ் ஏறினாள்.

"ஃபைல் மூடியாச்சு" என்றார் ராஜலிங்கம்.

"தொறங்க."

"தொறக்க ஏலாது. டொக்டர் அவசியமில்லன்னு எழுதினா ஒரு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி நம்பர்."

"ஒரு வருஷத்துல இவளுக்கு அஞ்சு தாண்டிறும். பயிற்சிக்கு எடுக்க மாட்டாங்க."

"அது நீங்க போன தரமே யோசிச்சிருக்கணும்."

"யோசிக்கல. அதான் வந்திருக்கேன்."

வாங்கில் உட்கார்ந்து நம்பருக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் தூங்கும் பிள்ளையோடு இருந்த ஒரு அம்மாள், தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஊருக்கே கேட்கும் ரகசியமாகச் சொன்னாள்: "எங்க புள்ளைங்க நல்லா இருக்குன்னு எழுத மாட்டாங்களான்னு நாங்க ஏங்குறோம். இவ நல்ல புள்ளய நோயாளின்னு எழுதச் சொல்லி அடம் புடிக்கிறா. எல்லாம் சமுர்த்தி உதவிக் காசுக்கு."

"ஒங்க புள்ள முழிச்சதும் அதுகிட்டச் சொல்லுங்க, அம்மா எவ்வளவு நல்லாப் பேசுறான்னு" என்று சொல்லிவிட்டு, யோசப்பின் நம்பர் இல்லாமலே டொக்டரின் அறைக்குள் நுழைந்தாள். ராஜலிங்கம் பின்னாலேயே ஓடினார்.

டொக்டர் மயில்வாகனம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நிமிர்ந்தார்.

"டொக்டர், போன மாசம் நான் உங்ககிட்ட மூணு பொய் சொன்னேன். இவ முகம் பாக்க மாட்டா. வாய் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டா. ஒரு புள்ளயோடயும் வெளயாட மாட்டா. நாலாவது பொய் அந்தக் கார்டு. அது நாங்க சொல்லிக் குடுத்தது."

"சொல்லிக் குடுத்ததோ? கார்டையோ?"

"வரிசையா. ஆறு வாரம்."

டொக்டர் கோப்பையை வைத்தார். "ஏனம்மா?"

"கேள்வி தெரிஞ்சா, சொல்லிக் குடுக்காம இருக்க எங்களுக்குத் தெரியாதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் ராஜலிங்கம் நம்பினார். "உண்மையைச் சொன்னா," என்றார் டொக்டர், "மெடிக்கல் கொலிஜ்ஜில நானும் ரெண்டு பாடம் அப்பிடித்தான் பாஸானனான்."

"அப்ப கார்ட மாத்திக் கேளுங்க."

மாற்ற முடியாது. கார்டுகள் ஒரு மூலையில் துளையிட்டு, நூலில் கோத்து, முடிச்சின் மேல் அரக்கு வைத்து இருந்தன. அதன் வரலாறு ராஜலிங்கத்தின் சொந்த வரலாறு.

"ஆரம்பத்துல பதினாலு கார்டு சேர்" என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து. "ரெண்டு காணாமப் போச்சு. ஓடிட்டுக்கு வந்தவங்க கணக்குக் கேட்டாங்க. ஆனை எங்கே, தக்காளி எங்கேன்னு எட்டு மாசம் பதில் எழுதினேன். அதுக்கப்புறம்தான் கட்டி சீல் வச்சது. நூல அவுக்கணும்னா கமிட்டி போடணும்."

"கமிட்டி எப்ப கூடும்?"

"தலைவர் ட்ரான்ஸ்ஃபர்ல போயிட்டாரு."

துணிக்கடைப் பெண்ணின் கைப்பையில் சீப்பு இல்லாமல் இருக்கலாம். கத்தரிக்கோல் இல்லாமல் இருக்காது. ராஜலிங்கம் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் அரக்கு மேசையில் உருண்டது. பன்னிரண்டு கார்டும் பல வருடத்துக்குப் பிறகு ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்தன. யோசப்பின் அவற்றைக் கலைத்து டொக்டரின் கையில் கொடுத்தாள்.

டொக்டர் மீனைக் காட்டினார். "இது என்ன?"

"பூனை" என்றாள் ரொமேனா.

பஸ்ஸைக் காட்டினார்.

"குடை."

கரண்டியைக் காட்டினார். "பந்து." பிறகு கார்டுகளை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"சாவி."

வெறுங்கை வாழைப்பழமாகி, சப்பாத்தாகி, நிலா வரைக்கும் போனது. மகள் ஒவ்வொன்றாகப் பிழை விடப் பிழை விட, யோசப்பின் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் கேட்டு வாங்கிய பிழைகள்தான். அதற்காக வலிக்காமல் இருக்குமா?

"பிள்ளை ஒரு கார்டையும் பாக்கவே இல்லை" என்றார் டொக்டர் மெதுவாக. "அண்டைக்கும் பாத்திருக்காது. நான்தான் கவனிக்கேல்லை."

ரொமேனா ஒப்புவித்து முடிந்ததும் இறங்கி வந்தாள். டொக்டரின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய வலது கையைப் பிடித்தாள். கத்தரிக்கோலைத் தூக்குவது போல அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மேல் வைத்தாள்.

"இப்பிடித்தாங்க கேப்பா" என்றாள் யோசப்பின். "கை யாருதா இருந்தாலும் சரி."

டொக்டர் போத்தலைத் திறந்து கொடுத்தார். பிள்ளை குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்ததை அன்று முதல் தடவையாக மறந்தார் போலும். பிறகு பெரிய சோதனைக்கான தாளை எடுத்து எழுதினார். கிடைத்த திகதி ரொமேனாவின் ஐந்தாம் பிறந்த நாளுக்கு ஏழு வாரம் முந்தியது.

யோசப்பின் உடனே வீட்டுக்குப் போக முடியவில்லை. ராஜலிங்கம் அவளை உட்காரவைத்து ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார்: அரச உடைமையான நூல் ஒன்றரை அடியும் அரக்கு முத்திரை ஒன்றும் தன்னால் வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்டன என்று. அவள் கையெழுத்துப் போட்டாள். மாலைக்குள் ராஜலிங்கம் கார்டுகளை மறுபடி கோத்துக் கட்டினார். பூனை, குடை, பந்து என்ற அதே வரிசைதான். இன்வென்டரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

வீட்டில் வரவேற்பு அதைவிட மோசம்.

"சொவத்துல இருந்தத நீயே கழட்டிக்கிட்டுப் போயி பெயிலாக்கிட்டு வந்திருக்கியே" என்றார் கிளறன்ஸ். "எந்தத் தாயாவது செய்வாளா?"

"எந்த அப்பனாவது லெமினேட் பண்ணுவானா?"

டொரதி டீச்சர் வாசலிலேயே நின்றார். உள்ளே வருவது தன் வகுப்பின் பேருக்குக் கெடுதல் என்று நினைத்தாரோ என்னவோ. "சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். "பெரிய சோதனைக்கு நாலு மாசம் இருக்கில்ல? அதுல என்னா கேப்பாங்கன்னு ஸக்கியாகிட்ட விசாரி. இப்ப தொடங்கினாலும்..."

"மதினி" என்றாள் யோசப்பின், "நீங்க எங்க வீட்டுக்கு வாங்க, இருங்க, கேக் சாப்பிடுங்க. எம்புள்ளைக்கு இனி ஒரு சொல்லு சொல்லிக் குடுத்தீங்கன்னா, ஒங்க வகுப்பு வாசல்ல நின்னு வார அத்தன தாய்மாருக்கும் இந்தக் கதையச் சொல்லுவேன். கதிரை போட்டுக்கிட்டுச் சொல்லுவேன்."

டொரதி டீச்சர் மூன்று மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. குடும்பத்தில் அதை ஒரு துக்கம் போல நடத்தினார்கள். யோசப்பின் அந்த மூன்று மாதமும் நிம்மதியாகச் சமைத்தாள். நேர்சரிக்குப் பிள்ளையை அனுப்பவில்லை; முதலாளியிடம் சண்டை போட்டு, கடையின் பின்னறையில், துணி சுற்றி வரும் அட்டை உருளைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். ரொமேனா உருளைகளை நீளப்படி அடுக்கினாள். கடையில் வேறு யாரும் அந்த வேலையை அவ்வளவு சரியாகச் செய்ததில்லை என்று முதலாளியே ஒப்புக்கொண்டார், சம்பளம் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தோடு.

பெரிய சோதனை இரண்டு மணி நேரம் நடந்தது. கார்டு இல்லை. மேசை இல்லை. நிபுணரும் இன்னொரு பெண்ணும் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு பந்து உருட்டினார்கள், பிள்ளை உருட்டவில்லை. பிறகு யோசப்பினிடம் கேட்டார்கள், கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பழைய குரல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "இல்லீங்க", "செய்ய மாட்டா", "தெரியாதுங்க" என்று சொன்னாள். சாதாரண தரக் கணிதம் எழுதிய நாளுக்குப் பிறகு அவள் இவ்வளவு "தெரியாது" சொன்னது அன்றுதான். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கடிதம் பத்து நாளில் வந்தது. ஓட்டிசம் என்று எழுதியிருந்தது. எந்த அளவு, என்ன உதவி வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். யோசப்பின் மறுநாள் காலையில் பிள்ளையையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக பஸ் நிலையத்துக்குப் போனாள்.

கிளறன்ஸ் தகரக் கூண்டுக்குள் நின்றபடி வாசித்தார். ஒரு தரம். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தரம். பத்து நாற்பது பஸ் முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஹோர்னில் கை வைத்தான், எடுக்கவில்லை. ரொமேனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கூண்டின் தகரத்தில் நெற்றியை முட்டினாள். ஒரு தரம், இரண்டு தரம்.

கிளறன்ஸ் கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். அவர் பார்த்தது ஹோர்னை அல்ல, பிள்ளையை. இந்த நிலையத்துக்கு அவளை எத்தனை தரம் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்? ஒவ்வொரு தரமும் இதைத்தான் செய்திருப்பாள்.

"ஹோர்ன்ல இருந்து கைய எடுடா!"

நிலையம் முழுக்கத் திரும்பியது. கிளறன்ஸுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது மனைவிக்கே செய்தி.

"என்ன சேர், டைம் போச்சே!" என்றான் டிரைவர்.

"போகட்டும். நான் சொல்றப்ப எடு."

பயணிகள் கத்தத் தொடங்கினார்கள். ஒருவர் சிங்களத்தில், ஒருவர் தமிழில், மற்றவர்கள் இரண்டிலும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம், கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம். டைம்கீப்பருக்குப் பைத்தியமா என்று ஒரு அம்மாள் கேட்டாள். கிளறன்ஸ் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இத வச்சு எங்க போகணும்?"

"திங்கக்கெழம ஒம்போது மணிக்குப் பயிற்சி நெலையம்" என்றாள் யோசப்பின். "எடம் குடுத்துட்டாங்க. மொத மூணு மாசம் அப்பா அம்மா ரெண்டு பேரும் கூட இருக்கணுமாம்."

"எனக்கு லீவு கெடைக்காதே."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப கெடைக்காதுன்னு எப்பிடித் தெரியும்?"

கிளறன்ஸ் யோசித்தார். பிறகு கூண்டை விட்டு இறங்கி, பயணிகளின் திட்டுக்கு நடுவில், லீவு கேட்பதற்காக பஸ் முதலாளிகள் சங்கத்து அலுவலகத்தை நோக்கி நடந்தார். பத்து நாற்பது பஸ்ஸைப் போகச் சொல்ல மறந்துவிட்டார்.